நீதவான் எழுதிவைத்த பத்தி

லண்டனில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் கண்ணை மூடினால், ஐயருக்கும் மண்டபக்காரருக்கும் அடுத்தபடியாகச் சயந்தினிக்குத்தான் போன் வரும். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து புறப்படுகிறவர்களின் கையில் கொடுத்துவிட ஒரு நினைவு மலர் வேண்டும். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே பிள்ளையார், தேவாரம், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இதையெல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டி, பக்கம் கட்டி, அச்சகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. பகலில் லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவுவாள். மூன்று மணிக்கு வீடு வந்தால் சமையலறை மேசையில் கணினியைத் திறந்துகொண்டு செத்தவர்களோடு உட்கார்ந்துவிடுவாள்.

வாய் அதிகம் திறக்காதவள். ஆனால் அவளுக்குத் தெரியாத குடும்பம் இல்லை. வம்சாவளியில் எந்த மருமகனின் பெயர் விடுபடுகிறது, எந்தத் தம்பியின் பெயருக்கு முன்னால் ‘அன்பு’ இல்லை என்பதைப் பார்த்தே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுவாள். சொல்லமாட்டாள் என்பது வேறு விஷயம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்து அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில், ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி வந்தது.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஹரோவிலிருந்து ரதீசன் என்பவர் தடித்த கோப்பு ஒன்றோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“அக்கா, அப்பா எல்லாத்தையும் தானே எழுதி வச்சிட்டுத்தான் போனவர். தன்ர வாழ்க்கை வரலாறு, எந்தப் பக்கத்தில எந்தத் தேவாரம், எந்த போட்டோ, எல்லாம். எங்களை ஒண்டுக்கும் நம்பேல்ல.”

“அது நல்லதுதானே. எங்களுக்கு வேலை குறைவு.”

“ஓம். ஆனா ஒரு சொல்லும் மாத்தக் கூடாதெண்டு மேலயே எழுதிக் கிடக்காம். மாமா வாசிச்சுச் சொன்னவர். எனக்குத் தமிழ் கதைக்க ஏலும், வாசிக்க ஏலாது. என்ர பிள்ளையளுக்குக் கதைக்கவும் ஏலாது.” அவர் சிரித்தார். “புரூஃப் பார்க்க நீங்கள் ஆரோ வச்சிருக்கிறியளாமே?”

“ஓம், ஒரு அண்ணை இருக்கிறார்.”

அவர் போன பிறகுதான் கோப்பைத் திறந்தாள். முதலில் படம். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, தலையை லேசாகச் சாய்த்து, அன்பாகப் பார்க்கும் ஒரு முதியவர். கீழே பெயர்: பரமேஸ்வரன், இளைப்பாறிய நீதவான்.

சயந்தினி எழுந்துபோய்க் கைகளைக் கழுவினாள். கைகளில் அழுக்கு ஒன்றும் இல்லை.

*

அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது நடந்தது. வடக்கில் ஒரு பட்டணம். கிருஷ்ணராசா என்பவர் அங்கே ஓர் அச்சகம் வைத்து, எட்டுப் பக்கத்தில் வாரப் பத்திரிகை ஒன்று நடத்தினார். சயந்தினி அங்கே அச்சுக் கோத்தாள். எழுதுகிறவர்கள் யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை, காலம் அப்படி. புனைபெயர் போடுவார்கள், அல்லது வெறுமையாக விடுவார்கள். கோத்து முடித்த கையெழுத்துத் தாள்களைச் சுவரில் இருந்த நீள ஆணியில் குத்திவிடுவாள்.

அந்த வருடம், பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் பதினொரு தாய்மார் அரச அலுவலகமான கச்சேரியின் வீதியில் குந்தினார்கள். பொலிஸ் அடித்தது. அடிபட்ட பெண்களையே கொண்டுபோய் நீதவான் முன்னால் நிறுத்தியது. அவர் பதினாலு நாள் விளக்கமறியல் சிறையில் வைக்கச் சொன்னார். அடுத்த வாரம் பத்திரிகையில் பெயரில்லாக் கட்டுரை ஒன்று வந்தது. அதில் ஒரு வரி: ‘பதினொரு பேருக்கும் கட்டளை எழுதி முடிக்கும்வரை கனம் நீதவான் ஒருமுறையேனும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் ஒருத்தியின் நெற்றியிலிருந்து இரத்தம் வடிவதைக் கண்டிருப்பார்.’

மூன்றாம் நாள் பொலிஸ் அச்சகத்துக்கு வந்தது. கிருஷ்ணராசாவையும் ஆணியில் இருந்த தாள்களையும் கொண்டுபோனது. அதற்கு மூன்று நாள் கழித்து, சயந்தினியை நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

கூண்டில் ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள். ஏற்றவில்லை. நீதவானின் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். மின்விசிறி சுற்றியது. நீதவான் அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வந்தது, மாலிபன் பிஸ்கட்டும் வந்தது. முகம் பார்த்துக் கதைத்தார். அவளுடைய வாழ்க்கையில் அப்படி ஒரு பெரிய மனிதர் அவளைப் பார்த்துக் கதைத்தது அதுதான் முதல்தடவை.

“பிள்ளை, எந்தக் கோழிக் கிறுக்கல் எழுத்தையும் நீர் வாசிச்சுப்போடுவீராமே?”

அவள் தலையை ஆட்டினாள்.

“எங்க, இதைப் பாப்பம்.” ஒரு தாளை நீட்டினார். வாசித்தாள். “இது?” அதையும் வாசித்தாள். “இது ஆற்ர எழுத்தெண்டு தெரியுமோ?”

குறுக்கெழுத்துப் போட்டி எழுதுகிற வாத்தியாருடையது. சொன்னாள். அடுத்தது, சமையல் குறிப்பு எழுதுகிற தபாற்கந்தோர் அக்காவுடையது. அதையும் சொன்னாள்.

“எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?”

“எட்டு, ஐயா.”

நீதவான் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த நீதிமன்ற எழுத்தரான முதலியாரிடம் திரும்பினார். “பாத்தீரோ, எட்டாம் வகுப்பு. எங்கட சட்டத்தரணிமார் ஒருத்தருக்கும் இந்தக் கண் இல்லை.”

சயந்தினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். நீதவான் ஐந்தாவது தாளை நீட்டியபோது அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

“இது யோகராஜா அண்ணையின்ர, ஐயா. அவர் எழுதுறது வலப்பக்கம் சரிஞ்சு போகும். வரி முடியிறதுக்குள்ள தாள் முடிஞ்சுபோகும், பிறகு விளிம்பில ஏத்தி எழுதுவார். ஆயிரத்துக்குள்ளயும் கண்டுபிடிப்பன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது எந்தத் தாள் என்று கண்டாள். ‘கனம் நீதவான் ஒருமுறையேனும்’ என்ற வரி கையெழுத்தில் அவளைப் பார்த்தது.

நீதவானின் குரல் மாறவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது, குடியும் என்றார். முதலியார் எழுதியதை வாசித்துக் காட்டினார். அவள் ஒப்பம் வைத்தாள். அன்று பின்னேரமே கிருஷ்ணராசாவை விட்டார்கள். மறுநாள் விடிய யோகராஜாவைப் பிடித்தார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றார்கள். பதினாலு நாளுக்கு ஒருமுறை சிறைச்சாலை பஸ்ஸில் கொண்டுவருவார்கள். அதே நீதவான் தலை நிமிர்த்தாமல் இன்னும் பதினாலு நாள் என்று எழுதுவார். இப்படிப் பதினாலு பதினாலாக இரண்டே முக்கால் வருடம். கடைசியில், குற்றத்தை ஏற்றால் இன்னும் இரண்டு வருடத்தோடு விட்டுவிடுவார்கள் என்று சட்டத்தரணி சொல்ல, யோகராஜா ஏற்றுக்கொண்டார். அதனால் வழக்கு விசாரிக்கப்படவில்லை, சாட்சிகள் கூப்பிடப்படவில்லை. நீதவானின் அறையில் அவள் வைத்த ஒப்பம் கோப்புக்குள்ளேயே கிடந்தது.

ஊர் தானாகவே கணக்குப் பார்த்தது. கிருஷ்ணராசா வெளியே வந்தார், அடுத்த நாள் யோகராஜா உள்ளே போனார். வேறு சாட்சி எதற்கு?

*

கல்யாணமாகி லண்டன் வந்து ஐந்தாவது வருடம், சிவன் கோயில் அன்னதான வரிசையில் ஒரு மனிதர் அவளைப் பார்த்து, “எங்கட பிரஸ் பிள்ளை எல்லே?” என்றார். முன்பற்கள் இரண்டு இல்லை. யோகராஜாதான். சயந்தினியின் கையிலிருந்த சோற்றுத் தட்டு சாய்ந்து குழம்பு சேலையில் ஊற்றியது. “பயப்பிடாதையும் பிள்ளை, நான் ஆவியில்லை” என்று அவர் சிரித்தார்.

பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டு, நினைவு மலர்களுக்கு வெண்பாவும் புலம்பலும் எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். முதல் கணினியும் அவர் தந்ததுதான். வெள்ளிக்கிழமைகளில் வந்து சமையலறை மேசையில் சிவப்புப் பேனாவோடு இருந்து பிழை திருத்துவார். “எங்கட அச்சகத்தில நான் நம்பின ஒரே ஆள் இந்தப் பிள்ளைதான்” என்று அவளுடைய கணவரிடம் சொல்வார். சயந்தினி தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று திரும்பிக்கொள்வாள்.

கிருஷ்ணராசாவும் லண்டனுக்குத்தான் வந்திருந்தார். எட்மண்டனில் இருந்தார். ஒருமுறை கல்யாண மண்டபம் ஒன்றில், யோகராஜா இருந்த மேசையில் அவரைக் கொண்டுவந்து இருத்திவிட்டார்கள். யோகராஜா எழுந்தார். “இந்தக் கதிரை சூடாயிருக்கு. காட்டிக்குடுக்கிறவை பக்கத்தில இருந்தா எனக்குச் செமிக்காது” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வேறு மேசைக்குப் போனார். அந்த மேசையில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெறும் மேசையில் கிருஷ்ணராசாவும் மனைவியும் இருந்து சாப்பிட்டார்கள். பக்கத்து மேசையில் இருந்த சயந்தினி, தன் இலையில் இருந்த பாயாசத்தை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள். அன்று எழுந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ நாள் சொல்லியிருக்கலாம். பதினாறு வருட வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

*

நீதவானின் வாழ்க்கை வரலாறு பன்னிரண்டு தாள். மை கசியாத, நேரான எழுத்து. படிப்பு, பட்டம், திருமணம், கோயில் திருப்பணி. ஏழாவது தாளில் சயந்தினியின் விரல்கள் நின்றன.

‘அக்காலத்தில் வாரப் பத்திரிகையொன்றில் நீதிமன்றத்தை அவமதித்தும் மக்களைத் தூண்டியும் பெயரில்லாக் கட்டுரையொன்று வெளிவந்தது. பொலிஸார் அப்பத்திரிகையின் உரிமையாளரை மூன்று நாட்கள் வைத்துக் கடுமையாக விசாரித்தும் அவர் வாய் திறக்கவில்லை. யான் எவரையும் அதட்டாது, அச்சகத்தில் வேலை செய்த ஒரு பெண்பிள்ளையை என் அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துச் சில தாள்களைக் காட்டினேன். பிள்ளை கெட்டிக்காரி. பத்து நிமிடத்தில் உண்மை வெளிவந்தது. சட்டத்தை அன்பினாலும் நிலைநாட்டலாம் என்பதற்கு இதனையே என் சேவைக்காலத்தின் சிறந்த உதாரணமாகக் கொள்வேன்.’

இறந்துபோன மனிதர் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ‘பிள்ளை கெட்டிக்காரி’ என்ற இடத்தில், இத்தனைக்குப் பிறகும், உள்ளே எங்கோ ஒரு மூலை குளிர்ந்தது. அவர் தன்னை மறக்கவில்லை. அந்தக் குளிர்ச்சியைத் தானே கண்டுபிடித்தபோது, யாரோ பார்த்துவிட்டதுபோலச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள்.

பிறகு, ஆறாவது தாளுக்குப் பின்னால் எட்டாவது தாளைத் தட்டினாள். ஏழாவது தாளில் அந்தப் பத்தியைத் தவிர இருந்தது கோயில் கிணறு வெட்டிய கதை மட்டும்தான். அதை எட்டோடு ஒட்டிவிட்டாள். ஒட்டு தெரியவில்லை. கை தேர்ந்த வேலை. ஏழாவது தாளை மடித்து அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தாள். மகனுக்கு வாசிக்க ஏலாது. மாமாவுக்கு வயது எண்பத்தாறு. யாருக்குத் தெரியப்போகிறது?

*

வெள்ளிக்கிழமை யோகராஜா வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இன்னும் மெலிந்திருந்தார். யாருடைய மலர் என்று அவள் போனில் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஓகோ. ஐயா போயிட்டாரோ.”

“உங்களுக்கு ஏலாட்டி நானே பாக்கிறன், அண்ணை.”

“ஏன் ஏலாது? திதி வெண்பாவும் எழுதுவன். திதி எல்லாருக்கும் பொது. புலம்பல் மட்டும் வேற ஆரிட்டயும் கேக்கச் சொல்லும். எனக்கு அழுகை வராது.”

வாசிக்கத் தொடங்கினார். சயந்தினி அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்தாள். சிவப்புப் பேனா அங்கங்கே தாளைக் கீறும் சத்தம் கேட்டது. கடைசிப் பக்கத்துக்குப் போனார். பிறகு முதலுக்கு வந்து, மீண்டும் வாசித்தார்.

“பிழை கனக்கவோ, அண்ணை?”

“பிழை இல்லை.” பேனாவை மூடினார். “இல்லை, நான் ஒரு விசரன். இவ்வளவு எழுதியிருக்கிறார், கோயில் கிணறு எத்தினை முழம் எண்டும் எழுதியிருக்கிறார். எங்களைப் பற்றி ஒரு வரி இருக்குமெண்டு தேடினனான். அந்தப் பதினொரு மனிசியளைப் பற்றி, என்னைப் பற்றி. திட்டியாவது எழுதியிருப்பார் எண்டு நினைச்சன். ஒண்டுமில்லை. எழுபத்தொரு தரம் அந்தாளுக்கு முன்னால போய் நிண்டிருக்கிறன், சயந்தினி. நான் எண்ணினனான். அந்தாளுக்கு நான் ஒரு திகதி மட்டும்தான்.”

அவள் வெங்காயத்தையே பார்த்தாள்.

“ஆனா ஒண்டு,” என்றார் அவர், ஒரு சிரிப்போடு. “பெரிய மனிசர் பெரிய மனிசர்தான். செத்த பிறகும் கிருஷ்ணராசாவைக் காட்டிக்குடுக்கேல்ல பாத்தீரோ. அந்தக் கதையையே எடுக்காமல் விட்டுட்டார். அவனுக்குக் குடுத்த வாக்கு போல. இப்ப எனக்கு முழுக்க விளங்கீற்று. சந்தேகம் துளியும் இல்லை.”

சயந்தினியின் கத்தி நின்றது.

இதுவரை அவள் செய்தது சும்மா இருந்ததுதான். சும்மா இருந்தேன் என்று தனக்குத் தானே எத்தனையோ இரவு சொல்லியிருக்கிறாள். இது அப்படியல்ல. அவள் வெட்டி ஒட்டிய வெறுமை ஒரு சாட்சியாகி, எட்மண்டனில் இருக்கும் ஒரு மனிதனைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை.

அரிசி வாளியை இழுத்தாள். மடித்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கையில் வெங்காயச் சாறு இருந்தது; தாளின் மூலை நனைந்தது.

“நான் இதை எடுத்துப்போட்டன், அண்ணை.”

அவர் வாசித்தார். உதடு அசைய வாசித்தார். ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் விரலை வைத்து நின்றார். பிறகு மேலே போய் வந்தார்.

“இந்தப் பெண்பிள்ளை...” என்று தொடங்கினார். அச்சகத்தில் பெண்பிள்ளை ஒருத்திதான் இருந்தாள்.

“என்னை ஒருத்தரும் அடிக்கேல்ல, அண்ணை. வெருட்டவும் இல்லை,” என்றாள் சயந்தினி. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அழுதால் அவர் வேறுமாதிரி நினைத்துவிடுவார். “கெட்டிக்காரி எண்டு சொன்னவர். நான் அதில மயங்கிப்போய்ச் சொல்லிப்போட்டன். உங்கட தாளெண்டு பாக்காமல் சொன்னன். பிறகு பாத்தன். பாத்த பிறகும் ஒப்பம் வச்சனான்.”

யோகராஜா தாளைப் பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தார். வெளியே பஸ் ஒன்று நின்று போகும் சத்தம் கேட்டது.

“தேத்தண்ணியோ தந்தவர்?” என்றார் கடைசியில்.

“ஓம்.”

“எனக்கு ஒருநாளும் தரேல்ல.” அவர் சிரிக்கவில்லை. “கிருஷ்ணராசாவின்ர மனிசி செத்தவீட்டுக்குப் போகவேண்டாமெண்டு நான்தான் எல்லாருக்கும் போன் அடிச்சுச் சொன்னனான். உமக்கும் அடிச்சனான். நினைவிருக்கோ?”

“ஓம், அண்ணை.”

“நீர் ஓமெண்டு சொன்னனீர்.”

*

மறுநாள் இருவரும் எட்மண்டன் போனார்கள். முதல்நாள் இரவு யோகராஜாதான் போன் எடுத்து, “நாளைக்குப் பத்து மணிக்கு வெளிக்கிடும்” என்று மட்டும் சொன்னார். ரயிலில் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தும் அவர் கதவடியில் நின்றே வந்தார்.

கிருஷ்ணராசா கதவைச் சங்கிலியோடு திறந்தார். எழுபத்தாறு வயது. யோகராஜாவைக் கண்டதும் முகம் கல்லானது.

“என்ன, இனி வீட்டுக்கு வந்தும் திட்டப்போறீரோ?”

“இல்லை. இந்தப் பிள்ளை ஒரு விஷயம் சொல்லோணுமாம். கேட்டுட்டு எங்களை அடிச்சுக் கலையும்.”

முன்னறையில் மனைவியின் படத்துக்கு மின்விளக்கு எரிந்தது. சயந்தினி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தாளைக் கொடுத்தாள். கிருஷ்ணராசா அதை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். திரும்பி வந்து கதிரையில் மெல்ல இருந்தார்.

“என்ர நகத்தைப் பிடுங்கினவங்கள்,” என்றார், யாரையும் பார்க்காமல். “அதை இந்தாள் ‘கடுமையாக’ எண்டு ஒரு சொல்லில எழுதியிருக்கு.”

“அண்ணை...” என்றார் யோகராஜா.

“நீர் சும்மா இரும். உம்மோட நான் பிறகு கதைக்கிறன்.” சயந்தினியின் பக்கம் திரும்பினார். “நானும் எத்தினையோ தரம் சொன்னனான், நான் வாய் திறக்கேல்லையெண்டு. ஒருத்தனும் நம்பேல்ல. என்ர மனிசி நம்பினவள். நம்பினவள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். சாகிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம், ஆஸ்பத்திரியில, கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவள். ‘இப்பவாவது சொல்லுங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், நீங்கள்தானோ?’ எண்டு.”

அவர் அதற்கு என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. சயந்தினிக்குத் தரையில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கம்பளத்தில் ஒரு கறை இருந்தது. அதைப் பார்த்தாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு கேக்க நான் வரேல்ல, ஐயா. கேக்க எனக்கு வாய் இல்லை. அந்தப் பத்தியைத் திருப்பிச் சேர்த்துப்போட்டன். அவர் எழுதினபடியே அச்சில வரும்.”

“எத்தினை பிரதி?”

“இருநூறு.”

“அதை ஆர் வாசிக்கிறது? சாப்பாட்டோட குடுப்பினம், கொண்டுபோய் டிவிக்குக் கீழ வைப்பினம். வாசிச்சாலும் ‘ஒரு பெண்பிள்ளை’. ஆரெண்டு தெரியும்?” அவர் முன்னால் சாய்ந்தார். “பேர் போட ஏலுமோ?”

“அது அவற்ர எழுத்து. ஒரு சொல்லும் மாத்தக் கூடாதெண்டு மகன் சொன்னவர்.”

“நல்லது. அப்ப உம்மட எழுத்தில எழுதும்.”

எழுந்துபோய் ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டுவந்தார். மேசையைத் துடைத்தார். கதிரையை இழுத்துப் போட்டார். கடிதம் போகவேண்டியவர்களில் முதல் பெயரைச் சொன்னார்; அது கல்யாண மண்டபத்தில் மேசையை விட்டு எழுந்தவர்களில் ஒருவருடையது. இரண்டாவது, மூன்றாவது. மனைவியின் தமக்கை ஒருத்தி, கனடாவில். மகளின் மாமனார். எல்லாமாகப் பதினேழு பேர். அத்தனை பேரையும் அவர் யோசிக்காமல் வரிசையாகச் சொன்னார்.

சயந்தினி வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் சொல்லைத்தான் கோத்திருக்கிறாள். சொந்தமாக ஒரு கடிதம் எழுதி எத்தனை வருடமென்று தெரியாது. அவளுடைய கையெழுத்து எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தாகவே இருந்தது, பெரிதாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. ‘இந்தப் புத்தகத்தின் வாழ்க்கை வரலாற்றில் நீதவான் சொல்லுகிற பெண்பிள்ளை நான். யோகராஜா அண்ணையின் எழுத்தைக் காட்டிக்கொடுத்தது நான். கிருஷ்ணராசா ஐயா அல்ல. என்னை ஒருவரும் அடிக்கவில்லை.’ கீழே பெயரும் கணவரின் பெயரும் லூயிஷாம் விலாசமும்.

“கடைசி வரி தேவையோ?” என்றார் யோகராஜா. அன்று அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“இருக்கட்டும், அண்ணை.”

கிருஷ்ணராசா ஒவ்வொன்றையும் வாங்கி வாசித்து, எழுத்து உலரும்வரை படத்தடியில் வரிசையாகப் பரப்பினார். எட்டாவதில் அவளுடைய கை வலித்தது. நிறுத்தவில்லை. யாரும் தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் செத்திருப்பாள்.

முப்பத்தோராம் நாளுக்கு மறுநாள், உள்ளே ஒவ்வொரு கடிதம் வைத்த பதினேழு மலர்களும் தபாலில் போயின. அந்த வாரம் கணவர் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. பிறகு சோறு போடச் சொன்னார். ரதீசன் போன் எடுத்து, மலர் வடிவாக வந்திருக்கிறது, எல்லாரும் பாராட்டினார்கள் என்றார். கோயிலில் சிலர் அவளைக் கண்டு விலகினார்கள். ஒருத்தி கிட்ட வந்து, “உமக்கு இது இப்ப தேவையோ?” என்று காதுக்குள் கேட்டாள்.

யோகராஜா வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. கிருஷ்ணராசாவோடு அவரை எட்மண்டனில் இரண்டொருமுறை கண்டதாகச் சொன்னார்கள். இருவரும் சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு நடந்தார்களாம், சண்டையா சமாதானமா என்று சொல்ல முடியவில்லையாம். அடுத்த மலருக்குச் சயந்தினியே பிழை பார்த்தாள். மூன்று பிழைகள் அச்சில் போய்விட்டன. அதில் ஒன்று, இறந்தவரின் பெயரில்.